நடுவரை ஆக்கிய நல்லாசான் ஹாரி குரோ பக்

பந்தைக் கூடையில் இட்டவனை ஊர் அறியும். ஆட்டத்தை முறை பிறழாமல் நடத்திய நடுவரையோ எவரும் அறியார். தோற்றவர் நொந்துகொள்ளும்பொழுதே அவர் நினைக்கப்படுகின்றார். புகழில்லாத அத்தொழிலையும் கற்றுத் தேரவேண்டிய கலையாக நம் நாட்டு ஆசிரியர்க்கு உணர்த்திய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே சென்னையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்து உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் துரையாவார்.

இவர் 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்திற் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரில் அச்சங்கத்தார் நிறுவிய கல்லூரியில் உடற்பயிற்சிக் கலை பயின்றார். கூடைப்பந்தாட்டம் பிறந்த இடமும் அக்கல்லூரியே. ஆங்கு ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், குளிர்காலத்திற் கூரையின்கீழ் ஆடத்தக்க ஆட்டம் ஒன்று வேண்டி, 1891 டிசம்பரில் பழக்கூடைகள் இரண்டினை உயரத்தில் மாட்டி இதனைத் தோற்றுவித்தார். அவர் வகுத்த விதிகள் பதின்மூன்று. அவற்றுள்ளேயே நடுவர் இருவர்க்கு இடம் வகுத்தார். ஒருவர் ஆடுவோரின் நடத்தையை நோக்குபவர். மற்றவர் பந்தையும் காலத்தையும் நோக்குபவர். எனவே, நடுவர் இவ்வாட்டத்திற்குப் பின்னர் வந்து சேர்ந்தவரல்லர். அதனுடன் பிறந்தவர் என்க. நெய்ஸ்மித் 1895-இல் அக்கல்லூரியை விட்டு நீங்கினார். ஆயினும் அவர் ஊன்றிய மரபு நீங்கவில்லை. அம்மரபில் வளர்ந்தவரே நம் பக் துரை.

1919-இல் அவர் சென்னை வந்தார். மறு ஆண்டே, 1920-இல், உடற்பயிற்சி ஆசிரியர்க்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். முதலிற் சேர்ந்த மாணாக்கர் ஐவரே. ஐவரைக் கண்டு அவர் மனந்தளரவில்லை. ஒவ்வோர் ஆசிரியனும் ஒரு பள்ளியின் சிறுவர் அனைவரையும் ஆட்டுவிப்பான் அன்றோ! அச்சிறு வித்து வளர்ந்து, அடையாற்றங்கரையில், இக்காலத்து நந்தனம் எனப்படும் பகுதியில், பரந்த வெளிகளையுடைய கல்லூரியாயிற்று. 1924-இல் பாரிசு மாநகரில் நடந்த ஒலிம்பிக்குப் பந்தயங்களுக்கு இந்திய அணியினரை அழைத்துச் சென்ற பொறுப்பும் அவரதே.

அவர் ஆற்றிய தொண்டுகளுள் யாம் தலையாயதாகக் கருதுவது, பல்வகை ஆட்டங்களின் விதிகளையும் ஒருங்கு திரட்டி நூலாக வெளியிட்டதேயாம். விதி கையில் இல்லாத களத்தில் உரத்த குரலே விதியாகும். வலியவன் சொல்லே தீர்ப்பாகும். விதி அச்சேறியபின்னரோ, பட்டணத்துப் பிள்ளைக்கும் பட்டிக்காட்டுப் பிள்ளைக்கும் நீதி ஒன்றாயிற்று. அவர் காலத்திற்குப் பின்னரும் அந்நூல் பன்முறை அச்சிடப்பெற்று ஆசிரியர் கைகளில் உலவிற்று.

எனினும், நூலைக் கற்ற அளவில் ஒருவன் நடுவன் ஆகிவிடான். நீந்தும் விதம் படித்தவன் ஆற்றில் இறங்கியே நீந்தக் கற்கின்றான். புதிய நடுவர் இறங்கவேண்டிய ஆழமில்லாத் துறை சிறுவர் ஆட்டமே. ஆங்குப் பந்தின் வேகம் குறைவு. பந்தைத் தட்டாது ஏந்தி ஓடுதல் போன்ற பிழைகளோ மிகுதி. ஆதலின் கண்ணுக்கும் ஊதலுக்கும் ஓயாத பயிற்சி கிட்டும். பந்துக்குப் பின் ஓடுவதன்றி, ஆடுவோரிடையே உள்ள வெளி தெரியுமாறு நிற்கவும் அவன் அங்கே கற்கின்றான்.

ஆயினும், சிறுவர் ஆட்டம் தானே என்று அசட்டையாயிருத்தல் தகாது. பெரியவர்க்குத் தவறாகத் தீர்ப்பளித்தால் ஓர் ஆட்டம் கெடும். சிறுவர்க்குத் தவறாகத் தீர்ப்பளித்தால் நீதியில் அவர் வைத்த நம்பிக்கையே கெடும். பத்து வயதுப் பிள்ளை முதன்முதற் காணும் நீதிபதி, ஊதல் ஏந்தி நிற்கும் அவ்விளைஞனே. பெற்றோர் கூக்குரலிடினும், தன் நண்பனின் தம்பியே பிழை செய்யினும், அவன் ஒருதன்மையனாய் நிற்றல் வேண்டும். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நடுவர் என்னும் பெயரிலேயே அவ்வறம் பொதிந்துள்ளது.

குருபரப்பள்ளி போன்ற ஊர்கட்கு இஃது இன்னும் பொருந்தும். கிருட்டினகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, ஆலைகள் பெருகிவரும் நெடுஞ்சாலை ஓரத்தது இவ்வூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இவ்வெல்லைப்புறத்தில், மூவகை மொழிச் சிறாரும் ஒரே களத்திற் கூடுதல் இயல்பு. நடுவரின் கைக்குறிக்கோ மொழி ஒன்றே. மடக்கிய கை உயர்ந்தால் ஆளின்மேல் இழைத்த குற்றம். விரித்த கை உயர்ந்தால் ஆட்டமுறை மீறிய பிழை. ஐந்து குற்றம் புரிந்தவன் எம்மொழியினன் ஆயினும், எவர் மகன் ஆயினும், களம் நீங்கவேண்டியதே. இவ்வாறு மூவகைச் சிறாரும் ஒரே நீதியின்கீழ் ஆடிப் பழகுவரேல், பின்னாளில் ஒரே ஆலையிற் கூடி உழைக்குங்கால் அப்பழக்கம் அவர்க்கு உறுதுணையாகும்.

பக் துரை 1943-ஆம் ஆண்டில் இம்மண்ணுலக வாழ்வை நீத்தார். தாய்நாடு துறந்து வந்து, இரண்டு பதின்மங்களுக்கு மேல் நம் சிறுவரின் உடலையும் உள்ளத்தையும் ஓம்பும் ஆசிரியரை ஆக்கிய அவரது ஊழியம், கிறிஸ்து பெருமான் காட்டிய தொண்டின் வழிப்பட்டது. அவர்க்கு யாம் செலுத்தும் நன்றி சிலையன்று, மாலையன்று. கல்லூரி மாணவராகிய நம்முட் சிலரேனும், மாலைப்பொழுதில் அருகிலுள்ள பள்ளிக் களத்திற்குச் சென்று, விதிநூலைக் கற்று, ஊதலை ஏந்தி, சிறுவர் நடுவே அஞ்சாமலும் சாயாமலும் நிற்பதே அந்நன்றியாம்.