தீவு வீட்டில் அடுத்தடுத்து கொலை... 'நடு இரவில்' எடுத்த வீணை வித்வான்! யார் இந்த எஸ்.பாலசந்தர்?

தீவில் தனியாக ஒரு பங்களா. பணக்காரர் தயானந்தம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராகச் செத்து விழுகிறார்கள். கொன்றது யாருன்னு தெரியாது. ஆனால் ஆள் உள்ளேயேதான்!

1970-ல் வந்த 'நடு இரவில்' படத்தின் கதை இது. அகதா கிறிஸ்டி நாவலின் பாதிப்பில் உருவானது. பெரிய ஹீரோ கிடையாது. மேஜர் சுந்தர்ராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ நடித்தார்கள். இயக்கம், இசை, கூடவே டாக்டர் வேஷம்... மூன்றும் வீணை எஸ்.பாலசந்தர்.

1927-ல் பிறந்தவர். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்திலேயே கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக வந்தார். வீணைக்கு குருவே இல்லை, தானாகக் கத்துக்கிட்டது.

பாட்டே இல்லாம தமிழ்ப் படமா? 1954-ல் சிவாஜியை வைத்து 'அந்த நாள்' எடுத்தார். பாராட்டு குவிந்தது, வசூல்தான் வரல. அப்பவும் ரூட்டை மாத்தல. 1964-ல் 'பொம்மை', மறுபடி திரில்லர். யேசுதாஸ் குரல் தமிழுக்கு வந்தது அதில்தான்.

'நடு இரவில்' அவர் இயக்கிய கடைசிப் படமாகிவிட்டது. நாற்பதைத் தாண்டிய வயதில் சினிமாவை விட்டார். அதன்பின் வீணைதான். 1982-ல் பத்மபூஷண் வந்தது, வீணைக்காக. 1990 ஏப்ரலில் பிலாயில் காலமானார்.