எட்மண்ட் பர்க்: பொதுப்பணமும் கணக்கும்

ராஜாங்க உத்தியோகஸ்தர்களின் ஊழலைக் கண்டித்துப் பேசுகிறவர்கள் எந்நாட்டிலும் எக்காலத்திலும் உண்டு. ஊழலுக்கு இடமே கொடாதபடி பொதுப்பணத்தின் ஏற்பாட்டை மாற்ற முயன்றவர்களோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் எட்மண்ட் பர்க். சென்னையில் கும்பினி உத்தியோகஸ்தர்கள் நடத்திய கொள்ளையை ஆங்கிலேயரின் சொந்தப் பார்லிமெண்டிலேயே அம்பலப்படுத்தியவராதலின், அவருடைய சரித்திரம் தமிழ் மக்களுக்கு அந்நியமானதன்று. அவர் சாதித்ததும், தோற்றதும், தாமே வழுக்கி விழுந்ததும் ஆகிய மூன்றும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. பொது ஊழியத்தில் ஈடுபட்டோர் அப்பாடத்தை ஊன்றிக் கவனித்தல் நலமென்று கருதியே நாம் இவ்வரலாற்றை எழுத முற்பட்டோம்.

பர்க் 1729-ல் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பிறந்தார். தந்தையார் புராட்டஸ்டண்டு மதத்தைச் சார்ந்த வக்கீல், தாயார் கத்தோலிக்கர். அக்காலத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு வோட்டுரிமையும் இல்லை. சர்க்கார் உத்தியோகமும் இல்லை. ஒரு தேசத்தார் மற்றொரு தேசத்தாரை ஆளும்பொழுது நீதி எவ்வளவு நலிவுறும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டிரினிட்டி கலாசாலையில் 1748-ல் பட்டம் பெற்று, 1750-ல் சட்டம் பயில லண்டனுக்குச் சென்றார். சென்றவருடைய மனம் சட்டத்தில் நிலைபெறவில்லை. நூல்கள் இயற்றிப் புகழ் பெற்றார். 1765-ல் ராக்கிங்ஹாம் பிரபு முதல் மந்திரியானபோது பர்க் அவருடைய அந்தரங்கக் காரியதரிசியானார்; அவ்வாண்டின் இறுதியில் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். நிலமும் குலமும் படைத்தவர்களே கோலோச்சிய அந்தச் சபையில், அவை இரண்டும் இல்லாத ஓர் ஐரிஷ்காரர் நாவன்மையாலும் அயரா உழைப்பாலும் முன்னணிக்கு வந்தார். அமெரிக்கக் குடியேற்ற நாட்டாரோடு சமரசமாகப் போகவேண்டுமென்று வாதாடி, அரசரின் கட்சியாருக்குப் பெரும் இடையூறாக விளங்கினார்.

அக்காலத்து இங்கிலாந்தின் நிர்வாகம் எந்நிலையில் இருந்ததென்பதை ஓர் உத்தியோகத்தைக் கொண்டே விளக்கலாம். சேனைச் சம்பள அதிகாரி என்று ஒரு பெரும் பதவி இருந்தது. ராணுவச் செலவுக்கான பணத்தை அவர் கஜானாவிலிருந்து மொத்தமாக வாங்கித் தம் வசம் வைத்துக்கொள்வார். பட்டுவாடா ஆகும் வரையில் அதை வட்டிக்கு விடலாம். வட்டி அவரையே சேரும். பதவியை விட்டுப் போன பின்னரும், கணக்குத் தீரும் வரையில் மீதத் தொகை அவர் கையிலேயே இருக்கும். ஆகவே கணக்கு எவ்வளவு தாமதப்படுகிறதோ அவ்வளவுக்கு அவருக்கு ஆதாயம். இது களவென்று எவரும் சொல்லவில்லை. வழக்கம் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

மூத்த பிட் 1746 முதல் 1755 வரை இப்பதவியை வகித்தார். வட்டிப் பணத்தில் ஒரு காசையும் அவர் தொடவில்லை. தேசம் அவரைப் போற்றியது. ஆனால் ஏற்பாடு மாறவில்லை. 1757-ல் அதே நாற்காலியில் ஹென்றி ஃபாக்ஸ் வந்தமர்ந்தார். பெருஞ் செல்வம் திரட்டினார். அவர் பதவியை விட்டது 1765-ல், மாண்டது 1774-ல், அப்பொழுதும் அவருடைய கணக்குத் தீர்ந்தபாடில்லை. ஒரு நேர்மையாளர் ஒன்பது ஆண்டுகள் காத்த பொக்கிஷம், அவர் அகன்ற இரண்டே ஆண்டுகளில் வேறொருவருடைய வேட்டைக்கு ஆளாயிற்று. உத்தமரைத் தேடி உட்காரவைப்பது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மையைப் பர்க் நன்குணர்ந்திருந்தார். 1780-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அவர் பார்லிமெண்டில் சிக்கனச் சீர்திருத்தத் திட்டமொன்றைச் சமர்ப்பித்தார். அரண்மனையிலும் இலாகாக்களிலும் வேலையின்றிச் சம்பளம் பெறும் உத்தியோகங்கள் மலிந்திருந்தன. அவற்றைக் கொடுத்தே அரசர் அங்கத்தினர்களைத் தம் வசப்படுத்தி வந்தார். ஆதலின், சிக்கனம் என்ற பெயரால் பர்க் அறுக்க முயன்றது பார்லிமெண்டின் சுதந்திரத்தைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றையே. அவ்வாண்டில் அத்திட்டம் துண்டு துண்டாகத் தோற்கடிக்கப்பட்டது. 1782-ல் ராக்கிங்ஹாம் மீண்டும் மந்திரி சபை அமைத்தபோது பர்க்குக்குக் காலம் வாய்த்தது. அவர் இயற்றுவித்த சட்டத்தால் 134 உத்தியோகங்கள் ஒழிந்தன. ஆண்டொன்றுக்கு 72,000 பவுனுக்கு மேல் மிச்சமாகும் என்று மதிப்பிட்டனர்.

அம்மந்திரி சபையில் பர்க் ஏற்றதோ அந்தச் சேனைச் சம்பள அதிகாரியின் பதவியே. ஏற்றதும், தமது சொந்தப் பதவியின் ஆதாயத்தைத் தாமே வெட்டி எறிந்தார். அவர் கொணர்ந்த சட்டப்படி, ராணுவப் பணம் இனி எந்த மனிதர் கையிலும் தங்காது. அது இங்கிலாந்து பாங்கியில் இருக்கும். குறிப்பிட்ட செலவுக்கு மட்டுமே எடுக்கப்படும். மாதந்தோறும் மீதக் கணக்குக் கஜானாவுக்குச் செல்லும். அதிகாரிக்கு ஆண்டுக்கு 4,000 பவுன் சம்பளம் ஏற்பட்டது. வேறு வரும்படி கிடையாது. சில மாதங்களில் ராக்கிங்ஹாம் காலமானார். பர்க்கும் பதவியினின்றும் விலகினார். பின்வந்தவர்கள் அச்சட்டத்தை ரத்து செய்தார்களாயினும், 1783-ல் ஏறக்குறைய அதே வாசகங்களோடு புதிய சட்டமொன்றை இயற்றினார்கள். பர்க்கின் வாழ்நாளில் முழு வெற்றி பெற்ற காரியம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாப் முகம்மதலி சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி வாழ்ந்தார். அவர் கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாகக் கர்நாடகத்துச் சீமைகளின் வரியை அவர்களுக்கே எழுதிக்கொடுத்தார். கும்பினிக்குச் சேரவேண்டிய பணத்துக்கு நவாபை நெருக்க வேண்டியவர்களே, தங்கள் சொந்தப் பணத்தை முதலில் வாங்கிக்கொள்வதில் முனைந்து நின்றார்கள். அக்கடனைச் சுமந்தவர்கள் வரி செலுத்திய குடியானவர்கள்.

1773-ல் கும்பினிப் படையின் உதவியால் நவாப் தஞ்சாவூரைக் கைப்பற்றினார். 1776-ல் கவர்னர் பிகட் பிரபு அந்நாட்டைத் தஞ்சை மன்னர் துளஜாவிடம் திரும்ப ஒப்படைத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி உத்தியோகஸ்தர், தஞ்சாவூர் வரியின் மீது தமக்கு 2 லட்சம் பவுனுக்கு மேல் பாத்தியதை உண்டென்று கிளம்பினார். ஆலோசனைச் சபையில் பெரும்பான்மையோர் கவர்னருக்கு எதிராகத் திரும்பினர். 1776-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி கவர்னரையே கைது செய்தனர். காவலிலிருக்கையிலேயே 1777 மே மாதத்தில் அவர் உயிர் நீத்தார். கைது செய்தவர்களுள் நால்வர் லண்டனில் விசாரிக்கப்பட்டுத் தலைக்கு 1,000 பவுன் அபராதத்தோடு விடுதலை பெற்றனர்! பென்ஃபீல்டோ 1780-ல் பார்லிமெண்டு அங்கத்தினராகவே அமர்ந்துவிட்டார்.

1784-ஆம் ஆண்டுச் சட்டம் நவாபின் கடன்களை விசாரிக்கும்படி கும்பினி டைரக்டர்களுக்குக் கட்டளையிட்டது. ஆனால் டண்டாஸ் நடத்திய கட்டுப்பாட்டுச் சபை விசாரணையைத் தள்ளிவிட்டு, கர்நாடகத்து வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் 12 லட்சம் வராகனை, அஃதாவது 4,80,000 பவுனைக் கடன்காரர்களுக்கு ஒதுக்க உத்தரவிட்டது. 1785 பிப்ரவரி 28-ந் தேதி இதைப்பற்றிப் பார்லிமெண்டில் பிரஸ்தாபம் வந்தது. தஸ்தாவேஜுகளைக் கேட்டவர், முன்னே கூறிய ஹென்றி ஃபாக்ஸின் மகன் சார்லஸ் ஃபாக்ஸ். மறுத்த முதல் மந்திரி, நேர்மைக்குப் பேர்போன பிட்டின் மகன் இளைய பிட். நேர்மை பரம்பரைச் சொத்தாக வருவதன்று என்பது அன்று வெளியாயிற்று.

அன்றிரவு பர்க் நெடுநேரம் பேசினார். இக்கடன்களுள் பல வெறும் காகிதத்தில் பிறந்தவை என்றும், அவற்றால் கொழுத்தவர்கள் பார்லிமெண்டு ஸ்தானங்களை விலைக்கு வாங்கி மந்திரிகளைத் தாங்குகிறார்கள் என்றும் குற்றஞ்சாட்டினார். ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழ்பட்ட கர்நாடகத்தை எடுத்துக்காட்டி, நமது முன்னோர் வெட்டிய ஏரிகளின் பெருமையை விரித்துரைத்து, அவற்றைச் செப்பனிட வேண்டிய பணம் எவர் பைக்குப் போகிறது என்று கேட்டார். தமிழ் நாட்டை ஒருநாளும் கண்டறியாதவர் அவர். ஆயினும் ஏரி அழிந்தால் ஊர் அழியும் என்பதை அறிந்திருந்தார். சபை அவருக்குச் செவிசாய்க்கவில்லை. விசாரணையின்றியே பணம் பட்டுவாடா ஆயிற்று.

பர்க் கேட்ட விசாரணை எத்தகைய பலனைத் தந்திருக்கும் என்பதைப் பிற்காலம் காட்டியது. 1801-ல் கும்பினி கர்நாடகத்தைத் தனதாக்கிக்கொண்டது. அதன்பின் கடன் கொடுத்ததாக வந்தவர்களின் கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கு மேற்பட்டன. இப்பொழுது கொடுக்கவேண்டியது கும்பினியல்லவா? உடனே கமிஷன் ஏற்பட்டது. ஒவ்வொரு பத்திரமும் பரிசீலிக்கப்பட்டது. மிகச் சிறு பங்கு நீங்கலாக மற்றவை தள்ளுபடியாயின. குடியானவனுடைய பணத்துக்கு வேண்டாத விசாரணை, கும்பினியின் பணத்துக்கு வேண்டியதாயிற்று!

பார்லிமெண்டு மறுத்ததைப் பர்க் வேறு வழியில் தேடினார். வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்து திரும்பிய வாரன் ஹேஸ்டிங்ஸ் பரிசு என்ற பெயரால் பணம் பெற்றதையும், சுதேச அரசர்களுக்கு இழைத்த கொடுமைகளையும் குற்றங்களாகத் தொகுத்தார். 1788 பிப்ரவரி 13-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் சபையின் முன் விசாரணை தொடங்கிற்று. நான்கு நாட்கள் பர்க் ஆரம்பப் பிரசங்கம் செய்தார். ஏழு ஆண்டுகளில் 148 நாட்கள் சபை கூடிற்று. பிரபுக்களுள் பலர் இடையில் மாண்டனர், கூட்டம் குறைந்தது, ஆவல் தணிந்தது. 1795 ஏப்ரல் 23-ந் தேதி ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவரென்று விடுதலை பெற்றார். கும்பினி அவருக்கு ஆண்டுக்கு 4,000 பவுன் உபகாரச் சம்பளமும் அளித்தது. அதிகாரிகளும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை உலகறியச் செய்தது அவ்விசாரணையின் பெருமை. ஆயினும் காலங்கடந்து செய்யும் வழக்கு, களவு போன பொருளை மீட்பதில்லை.

பர்க்கைப் புகழ்ந்து மட்டும் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. சிக்கனம் போதித்த அவர், 1782-ல் தம் மகனைத் தமக்கே உதவி அதிகாரியாக்கினார்; தம்பிக்குக் கஜானாவில் காரியதரிசி வேலை கிடைத்தது. உறவினராக அவர் பாவித்த வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் ஏஜெண்டாக இருந்தவர். அவருக்கும் இந்தியாவில் ராணுவச் சம்பள உத்தியோகம் கொடுக்கப்பட்டது. தஞ்சாவூருக்காகப் பர்க் பேசியதெல்லாம் உறவினரின் ஆதாயத்துக்கே என்று எதிரிகள் தூற்ற இது இடந்தந்தது. அன்றியும், பவல், பெம்பிரிட்ஜ் என்ற இரண்டு குமாஸ்தாக்கள் ஹென்றி ஃபாக்ஸின் பழைய கணக்கில் 48,000 பவுனுக்கு மேற்பட்ட தொகையை மறைத்ததாக நீக்கப்பட்டிருந்தனர். 1783-ல் மீண்டும் பதவிக்கு வந்த பர்க், இரக்கத்தாலோ பிடிவாதத்தாலோ அவ்விருவரையும் வேலைக்குத் திரும்ப எடுத்தார். பவல் தற்கொலை செய்துகொண்டார். பெம்பிரிட்ஜ் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். பொது உத்தியோகத்தில் செய்யும் முறைகேடு குற்றமே என்பதற்கு அவ்வழக்கின் தீர்ப்பை இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஆங்கில நீதிமன்றங்கள் ஆதாரமாகக் கொண்டன. சீர்திருத்தக்காரரின் பெயர் இவ்வாறும் ஒரு வழக்கோடு ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சுப் புரட்சியைப் பர்க் வெறுத்தார். இந்தியாவில் நல்லாட்சி நடக்க வேண்டுமென்றாரே யன்றி, அந்நிய ஆட்சி ஒழிய வேண்டுமென்று அவர் கூறவில்லை. இவற்றில் நாம் அவரைப் பின்பற்ற வேண்டுவதில்லை. கடன் சுமையோடு வாழ்ந்து, ஒரே மகனை 1794-ல் பறிகொடுத்து, 1797 ஜூலை 9-ந் தேதி அவர் காலமானார். பென்ஃபீல்டு தேடிய செல்வமும் நிலைக்கவில்லை. 1810-ல் பாரிஸ் நகரில் வறியராக இறந்தார்.

பர்க்கின் சரித்திரம் புகட்டும் பாடம் இனி வெளிப்படை. நாவன்மை ஹேஸ்டிங்ஸைத் தண்டிக்கவில்லை; அறச்சினம் ஆர்க்காட்டுக் கடனைத் தடுக்கவில்லை; சொந்த ஒழுக்கமும் உறவினர் விஷயத்தில் தடுமாறிற்று. நிலைத்து நின்றது, பணத்தை மனிதர் கையிலிருந்து எடுத்துப் பாங்கியில் வைத்து, மாதந்தோறும் கணக்குக் கேட்ட அந்தச் சிறு சட்டமே. இது நமக்குப் புதிதன்று. ஏறக்குறைய 920-ஆம் ஆண்டில், பராந்தக சோழர் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் கணக்குக் காட்டாத வாரியத்தாரையும் அவருடைய உறவினரையும் குடவோலைக்கு அருகரல்லர் என்று கல்லில் வெட்டிவைத்தனர். பர்க் வழுக்கி விழுந்த இடத்தையும் அவர்கள் முன்னரே அடைத்துவிட்டனர்.

ஆதலின், சங்கமாயினும் நகரசபையாயினும் சர்க்காராயினும், நல்லவர் கையில் பொறுப்பைக் கொடுத்தோம் என்று நாம் ஓய்ந்திருத்தல் கூடாது. பணம் எங்கே இருக்கிறது, எவர் எடுக்கலாம், எப்பொழுது கணக்குக் காட்டவேண்டும் என்ற மூன்றையும் முதலிலேயே வகுத்துவிட வேண்டும். நல்லவர் இதனால் மனம் நோவதில்லை. நோகிறவரிடம் பொதுப்பணத்தை ஒப்படைக்காதிருப்பதே நலம்.