தடைக்கு அஞ்சாத கால்பந்து வீராங்கனை

இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் நகரில், 1905-ம் ஆண்டு தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் லில்லி பார். அண்ணன்மாருடன் பந்து உதைத்துப் பழகினார். 1920-ல் பிரஸ்டன் நகரின் "டிக், கெர்" தொழிற்சாலைப் பெண்கள் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூலில் இவ்வணி ஆடிய பந்தயத்துக்கு 53 ஆயிரம் பேர் திரண்டனர். வசூல் தர்மத்துக்குப் போயிற்று.

மறு ஆண்டே இடி விழுந்தது! கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன்னைச் சேர்ந்த மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது.

லில்லி ஓயவில்லை. 1922-ல் அமெரிக்கா சென்று ஆண்கள் அணிகளுடன் மோதினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினார். தடை நீங்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின. 1978-ல் காலமானார். 2002-ல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ் வரிசையில் சேர்த்த முதல் பெண் இவரே.