குன்னூரின் உணவாய்வாளர்

அயர்லாந்தில் 1878ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் மெக்காரிசன் மருத்துவம் கற்று, 1901இல் இந்தியாவிற்கு வந்தார். 1918இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். பின்னர் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, இந்நாட்டின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை அவற்றிற்கு ஊட்டினார். கோதுமை அப்பம், பால், நெய், பருப்பு, காய்கறி ஆகிய சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. சோற்றையே மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவையோ மெலிந்து, நுரையீரல் நோயும் வயிற்று நோயும் உற்றன.

காரைக்கால் முதலிய காவிரிக் கழிமுகத்தார்க்கு இச்செய்தி கசப்பானதே. ஆயினும் குற்றம் நெல்லினுடையதன்று. தவிடு போகத் தீட்டுதலும் துணைக்கறி குறைதலுமே குற்றம். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் உயிர்ச்சத்து அரிசியினுள் ஊறுதலின், புழுங்கலரிசி உண்பாரைப் பெரிபெரி எளிதிற் பற்றுவதில்லை.

உயிர்ச்சத்தை மருந்துக் குப்பியில் தேடாது உணவில் தேட வேண்டும் என்பதே மெக்காரிசனின் கொள்கை. குறைநோய் உற்றார்க்கு உயிர்ச்சத்து மாத்திரை நன்மருந்தே. ஏனையோர் நிலை வேறு. நாள்தோறும் 'சி' உயிர்ச்சத்து மாத்திரை உண்பார்க்கும் தடுமன் வருவது பெரும்பாலும் குறைவதில்லை. வந்தது சற்று விரைவில் நீங்குவதே பயன் எனப் பிற்கால ஆய்வுகள் கண்டன.

1933இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1935இல் ஓய்வுற்று, 1960இல் மறைந்தார். அவர் வளர்த்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்திற்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படுகிறது.