பெண்கள் விடுதிகளுக்கு முன்னோடி: யார் இந்த மேரி ஜேன் கின்னேர்ட்?

வேலை கிடைத்து வெளியூர் கிளம்பும் பெண்ணிடம் வீட்டில் முதலில் கேட்பது, எங்கே தங்கப் போகிறாய் என்பதைத்தான். சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்! நம்ம ஊரில் பலருக்கு அதற்கான பதில், ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதி. அதன் கதை 1855-ல் லண்டனில் தொடங்குகிறது.

மேரி ஜேன் கின்னேர்ட் பிறந்தது 1816-ல், இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். பிறகு, போதகரான மாமா பாப்டிஸ்ட் நோயலின் பணிகளில் உதவியாக இருந்தார். 1841-ல் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1843-ல் திருமணம், கணவர் ஆர்தர் கின்னேர்ட் வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். (இவர்களின் மகன்தான் 9 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகளில் ஆடிய கால்பந்து வீரர் லார்டு கின்னேர்ட். கூகுளில் தேடினால் அம்மாவைவிட அவர்தான் முதலில் வருவார்!)

கிரிமியா போர் நடந்த நேரம் அது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் செவிலியர்கள் போர்முனைக்குப் போகும்போதும் வரும்போதும் தங்க, லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கம் அருகே ஒரு இல்லத்தைத் திறந்தார் மேரி. போர் முடிந்தது. ஆனால் இல்லத்துக்கான தேவை முடியவில்லை. கிராமங்களில் இருந்து வேலை தேடி பெண்கள் லண்டனுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு முதலாளி வீடுதான் தங்குமிடம். வேலை போனால் அன்றைக்கே கூரையும் போச்சு. மேரியின் இல்லத்தில் படுக்கையோடு நூலகம், வேலைவாய்ப்புக்கான உதவி, பைபிள் வகுப்பு எல்லாம் இருந்தன.

இதை வெறும் சேவைன்னு மட்டும் பார்க்க முடியாது. நல்ல பெண் என்றால் எப்படி இருக்கணும் என்பதை மேல்தட்டுப் பெண்களே முடிவு செய்தார்கள். பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் தேவைப்பட்டதும் அவர்கள் வீடுகளுக்குத்தான். ஆனாலும், தனியாக வந்த பெண்ணைச் சந்தேகத்தோடு பார்த்த நகரத்தில், அவளுக்கு ஒரு அறை வேண்டும் என்று யோசித்தது பெரிய விஷயம்.

அதே 1855-ல் எம்மா ராபர்ட்ஸ் என்பவர் பார்னெட்டில் இளம்பெண்களுக்காக ஒரு ஜெபக்குழு தொடங்கியிருந்தார். 1877-ல் இரண்டும் இணைந்தன. அதுதான் ஒய்.டபிள்யூ.சி.ஏ. 1888-ல் மேரி காலமானார். இந்தியாவில் இதன் தேசிய அமைப்பு 1896-ல் உருவானது. இந்தியப் பெண்களின் கல்விக்கான மிஷன் பணியிலும் மேரிக்குப் பங்கு உண்டு. லாகூரில் இன்றும் இயங்கும் பெண்கள் கல்லூரியின் பெயர், கின்னேர்ட் கல்லூரி.