தென்துருவம் சென்ற பேர்டி பவர்ஸ்

வாகரைக் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வங்காள விரிகுடா. மார்கழி மாதத்து வாடைக்காற்றில் அந்தக் கடல் எப்படி மாறும் என்பதைப் பனிச்சங்கேணி மக்களுக்கோ கதிரவெளி மக்களுக்கோ எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. தோணி திரும்பும் வரை, வீட்டில் அடுப்பு எரிந்தாலும் மனம் கரையிலேதான் நிற்கும். இந்தக் கடலோரமாகத் தெற்கே சென்று, இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையையும் தாண்டிவிட்டால், அதன் பின்னர் நேர் தெற்கே ஒரு சிறு தீவும் குறுக்கிடாது. அடுத்த கரை அந்தாட்டிக்கா என்னும் பனிக்கண்டம்தான்.

அந்தப் பனிக்கண்டத்துக்கு ஒரு சிறிய மரக்கப்பலில் சென்று, திரும்பி வராத ஒருவரின் வாழ்க்கை இது. அவர் ஒரு காலத்தில் நமது இலங்கையிலும் கடற்பணி செய்தவர். பெயர் ஹென்றி ரொபர்ட்சன் பவர்ஸ். கப்டன் ஸ்கொட்டின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தென்துருவத்தில் ஸ்கொட்டும் நான்கு தோழர்களும் எடுத்துக்கொண்ட புகைப்படத்தையும் பார்த்திருக்கலாம். அதில் முன்வரிசையில் அமர்ந்து, ஒரு நூலை இழுத்துக் கமராவை இயக்கியவர்தான் பவர்ஸ். ஐவரில் மிகவும் குள்ளமானவரும் அவரே.

தந்தையில்லாப் பிள்ளை

பவர்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிறீனொக் துறைமுகத்தில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் பவர்ஸ் கிழக்குக் கடல்களில் கப்பலோட்டிய கப்டன். மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவர் பர்மாவின் ரங்கூனில் காலமானார். இரண்டு பெண் பிள்ளைகளையும் இந்தச் சிறுவனையும் தாய் எமிலி தனியாக வளர்த்தார்.

கடற்பயணத்திலேயே வாழ்ந்து தூரதேசத்தில் மறைந்த ஒருவரின் மனைவி, தன் ஒரே மகனைக் கடலுக்கு அனுப்ப விரும்புவாரா? எங்கள் ஊர் உம்மாமார் பலர் முடியாது என்றே சொல்லுவார்கள். எமிலி அனுப்பினார். பதினான்கு வயதில் மகன் தேம்ஸ் நதியில் நின்ற வூஸ்டர் என்னும் பயிற்சிக் கப்பலில் சேர்ந்தான். அதன் பின்னர் லொக் டொரிடன் என்ற பாய்க்கப்பலில் வேலை பார்த்து, நான்கு தடவைகள் உலகைச் சுற்றி வந்தான். 1905இல் றோயல் இந்தியன் மரைன் சேவையில் அதிகாரியானார். இலங்கையிலும் பர்மாவிலும் பணியாற்றினார். ஐராவதி நதியில் ஒரு சிறு ஆயுதப் படகுக்குத் தலைமை தாங்கினார். பாரசீக வளைகுடாவில் ஆயுதக் கடத்தலைத் தடுக்கும் கப்பலிலும் இருந்தார். எங்கே இருந்தாலும் தாய்க்கும் சகோதரிகளுக்கும் நீண்ட கடிதங்கள் எழுதுவதை அவர் விடவில்லை.

அவருடைய உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். சிவந்த தலைமயிர், பறவையின் அலகு போன்ற பெரிய மூக்கு. அதனாலேயே நண்பர்கள் அவரைப் பறவை என்று பொருள்படும்படி பேர்டி என அழைத்தார்கள். கேலியாகத் தொடங்கிய அந்தப் பெயர் பிறகு அன்பின் பெயராகி, சரித்திரத்திலும் நிலைத்துவிட்டது.

டெரா நோவா

1910இல் ஸ்கொட் தென்துருவப் பயணத்துக்கு ஆள் சேர்த்தபோது, புவியியல் அறிஞரான சேர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பவர்ஸைச் சிபாரிசு செய்தார். நேரில் ஒருமுறை கூடப் பார்க்காமலேயே ஸ்கொட் அவரை ஏற்றுக்கொண்டார். வந்து நின்ற குள்ள உருவத்தைக் கண்டு முதலில் அவருக்கு ஏமாற்றமே. ஆனால், பொருள்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பவர்ஸ் கால் தவறிக் கப்பலின் அடித்தளத்தில் விழுந்தார். பாரத்துக்காக அடுக்கியிருந்த இரும்புக் கட்டிகள்மேல் ஏறத்தாழ 19 அடி ஆழத்தில் விழுந்தவர், காயமின்றி எழுந்து மீண்டும் வேலையைத் தொடர்ந்தார். கப்பலுடன் திரும்பிவிட வேண்டியவராகவே அவர் நியமிக்கப்பட்டிருந்தார். பயணத்தின்போது அவருடைய வேலையைக் கவனித்த ஸ்கொட், பனிக்கண்டத்தில் தங்கும் குழுவுக்கு அவரை மாற்றினார்.

டெரா நோவா 1884இல் கட்டப்பட்ட பழைய திமிங்கில வேட்டைக் கப்பல். நீளம் 187 அடி மட்டுமே. 1910 நவம்பர் இறுதியில் அது நியூசிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது 19 குதிரைகளும், முப்பதுக்கும் மேற்பட்ட நாய்களும், மோட்டார் வண்டிகளும், நிலக்கரி மூட்டைகளும் மேற்றட்டு வரை நிறைந்திருந்தன. சில நாட்களிலேயே பெரும்புயல். நிலக்கரித் தூளும் எண்ணெயும் கட்டியாகி நீரிறைக்கும் பம்பிகளை அடைத்துக்கொண்டன. கப்பலுக்குள் நீர் ஏறியது. அதிகாரி, விஞ்ஞானி, மாலுமி என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் வரிசையாக நின்று வாளி வாளியாக நீரை அள்ளி ஊற்றினார்கள். இரண்டு குதிரைகளும் ஒரு நாயும் பலியாயின. கப்பல் தப்பியது.

1911 ஜனவரியில் ரொஸ் தீவின் எவன்ஸ் முனையில் இறங்கி மரவீடு ஒன்றை அமைத்தனர். மாரி காலத்தில் 25 பேர் அங்கே தங்கினார்கள். களஞ்சியம் பவர்ஸின் பொறுப்பு. எந்தப் பெட்டியில் எது, எத்தனை, எங்கே என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மற்றவர்கள் போர்வைக்குள் சுருண்டிருக்கும் காலையில் இவர் பனிநீரை அள்ளி உடம்பில் ஊற்றிக் குளிப்பார்.

உடைந்த பனியின் மேல்

1911 மார்ச் முதலாம் திகதி அதிகாலை. பவர்ஸும், டொம் கிரீன் என்ற மாலுமியும், செரி கரார்ட் என்ற இளைஞரும் நான்கு குதிரைகளுடன் உறைந்த கடலின்மேல் கூடாரமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த பவர்ஸ், தாங்கள் மிதந்துகொண்டிருப்பதைக் கண்டார். பனித்தளம் துண்டு துண்டாக உடைந்திருந்தது. ஒரு குதிரையைக் காணவில்லை. சுற்றிலும் கொல்லித் திமிங்கிலங்கள் தலை நீட்டின.

வெறுங்கையோடு ஓடியிருந்தால் மூவரும் எளிதாகத் தப்பியிருக்கலாம். தன்னை நம்பி ஒப்படைத்த குதிரைகளையும் பொருள்களையும் விட்டுவிட்டு வர பவர்ஸுக்கு மனம் வரவில்லை. ஒரு பனித்துண்டு அடுத்ததை வந்து முட்டும் வரை காத்திருந்து, குதிரைகளைத் தாண்டச் செய்து, வண்டிகளை இழுத்து, மணிக்கணக்காகப் போராடினார்கள். கிரீன் துண்டுகளின்மேல் பாய்ந்து சென்று உதவியை அழைத்து வந்தார். மூவரும் வண்டிகளும் கரையேறினர். குதிரைகளில் ஒன்றுதான் பிழைத்தது. ஸ்கொட்டுக்கு அவர்கள் உயிரோடு வந்ததே போதுமாக இருந்தது. பவர்ஸோ இழந்த குதிரைகளை எண்ணி வருந்தினார்.

மூன்று முட்டைகள்

பேரரசப் பென்குயின் நடுமாரியில், சூரியனே உதிக்காத இருளில் முட்டையிடும் பறவை. அதன் கருவை ஆராய்ந்தால் பறவைகளின் தோற்றம் பற்றி அறியலாம் என அக்கால விஞ்ஞானிகள் நம்பினர். அந்த முட்டைகளைத் தேடி மருத்துவர் எட்வர்ட் வில்சனும் பவர்ஸும் செரி கரார்டும் 1911 ஜூன் 27ஆம் திகதி குரோசியர் முனைக்குப் புறப்பட்டார்கள். ஒரு வழித்தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதைக் கடக்க 19 நாட்கள் பிடித்தன. ஒரு நாள் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை செல்சியசையும் தாண்டியது. வியர்வை உறைந்து உடைகள் பலகை போலாயின.

பவர்ஸிடம் பயன்படுத்தாத இறகு உள்ளுறை ஒன்று இருந்தது. குளிரில் நடுங்கிய செரி கரார்டுக்கு அதைத் தர அவர் பலமுறை முன்வந்தார். புயல் அவர்களுடைய கூடாரத்தைப் பறித்துச் சென்றபோது, திரும்பிப்போக வழியே இல்லையென்று ஆனது. காற்று ஓய்ந்ததும் தேடிப் போனார்கள். ஒரு சரிவின் அடியில் கூடாரம் கிழியாமல் கிடந்தது. அதன் பிறகு பவர்ஸ் கூடாரத்தின் கயிற்றைத் தன் உடம்போடு கட்டிக்கொண்டு படுத்தார். இனிக் கூடாரம் போவதானால் அவரும் சேர்ந்துதான் போக வேண்டும்! எடுத்த ஐந்து முட்டைகளில் மூன்று உடையாமல் வந்து சேர்ந்தன. பின்னாளில் அவை லண்டன் அரும்பொருட்சாலையை அடைந்தன. எதிர்பார்த்த உண்மையை அவை தரவில்லை. ஆனாலும் அப்படித் தராது என்பதை அறிய யாராவது அங்கே போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

ஐந்தாவது ஆள்

1911 நவம்பர் முதலாம் திகதி துருவத்தை நோக்கிய பயணம் ஆரம்பமானது. உணவும் எரிபொருளும் நால்வருக்கெனக் கணக்கிட்டுக் கட்டப்பட்டிருந்தன. 1912 ஜனவரி 4ஆம் திகதி கடைசி உதவிக் குழு திரும்பும்போது ஸ்கொட் திட்டத்தை மாற்றினார். வில்சன், ஒட்ஸ், எட்கார் எவன்ஸ் ஆகியோருடன் பவர்ஸையும் சேர்த்துக்கொண்டார். நால்வர் ஐவரானார்கள். பவர்ஸின் பனிச்சறுக்குக் கட்டைகளோ சில நாட்களுக்கு முன்னரே வழியில் விடப்பட்டிருந்தன. மற்ற நால்வரும் சறுக்கிச் செல்ல, கால் குட்டையான இவர் இன்னும் 270 கிலோமீற்றரளவு தூரத்தைப் பனியில் புதைந்து நடந்தார். ஐவருக்குச் சமைக்க நாளொன்றுக்கு அரை மணிநேரம் கூடுதலாகப் பிடித்தது. அந்த முடிவு சரியா பிழையா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. பவர்ஸ் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றார் என்பது மட்டும் உறுதி.

ஜனவரி 16ஆம் திகதி தொலைவில் ஒரு கரும்புள்ளியை முதலில் கண்டது பவர்ஸின் கூரிய கண்களே. அது நோர்வேக்காரர் நட்ட கறுப்புக் கொடி. அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14ஆம் திகதியே துருவத்தை அடைந்திருந்தார். மறுநாள் ஐவரும் துருவத்தில் நின்றார்கள். புகைப்படத்தில் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

திரும்பும் வழியில் பெப்ரவரி 17ஆம் திகதி எவன்ஸ் இறந்தார். மார்ச் நடுப்பகுதியில், கால் கருகிப்போன ஒட்ஸ் மற்றவர்களுக்குப் பாரமாக இருக்க விரும்பாமல் புயலுக்குள் நடந்து மறைந்தார். களஞ்சியங்களில் வைத்த மண்ணெண்ணெய்த் தகரங்களைத் திறந்தபோது எண்ணெய் குறைந்திருந்தது. கடுங்குளிரில் மூடிகளின் தோல் வளையங்கள் சுருங்கி எண்ணெய் கசிந்துவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் இல்லையென்றால் பனியை உருக்க முடியாது, குடிக்க நீரும் இல்லை. யுத்த காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக அலைந்த எங்கள் பெற்றோருக்கு அதன் அருமை தெரியும். ஒவ்வொரு தகரத்தையும் எண்ணிக் கணக்கு வைத்த மனிதரின் கதை, கணக்கில் அகப்படாத அந்தக் கசிவில் வந்து முடிந்ததே!

கடைசிக் கூடாரத்திலிருந்து பெரிய களஞ்சியம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வாகரையிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் தூரம் கூட இல்லை. எரிபொருளைக் கொண்டுவர வில்சனும் பவர்ஸும் ஆயத்தமாயினர். புயல் விடவில்லை. மார்ச் இறுதியில் மூவரும் உயிரிழந்தனர். பவர்ஸுக்கு வயது 28.

தாய்க்குச் சென்ற செய்தி

அந்த இறுதி நாட்களில் பவர்ஸ் தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். அருகில் கிடந்த ஸ்கொட்டும், தன் விரல்கள் மரத்துப்போன நிலையிலும், அந்தத் தாய்க்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். மகன் கடைசிவரை மனந்தளராமலும் பிறர் நலம் பார்த்தும் இருந்தான் என்பதே அதன் சாரம்.

1912 நவம்பர் 12ஆம் திகதி தேடற்குழு கூடாரத்தைக் கண்டுபிடித்தது. அந்தக் குழுவின் சுமைகளை இழுத்தவை இந்தியாவிலிருந்து வந்த ஏழு கோவேறு கழுதைகள். லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப் என்பன அவற்றின் பெயர்கள். உலகின் தென்கோடியில் அன்று ஒலித்த இந்தப் பெயர்கள் நமக்கு எத்தனை நெருக்கமானவை!

செய்தி வெளியுலகை எட்டியது 1913 பெப்ரவரியில். அதாவது மகன் இறந்து பத்து மாதங்களுக்கு மேலாகியும், அவன் உயிரோடு இருக்கிறான் என்றே எமிலி எண்ணிக்கொண்டிருந்தார். கரையில் காத்திருக்கும் தாய்மார் எல்லாக் கடல்களுக்கும் பொதுவானவர்கள்.

கூடாரத்தருகே வண்டியில் சுமார் 16 கிலோகிராம் கற்கள் இருந்தன. சாகும் நிலையிலும் அவர்கள் அவற்றை எறியவில்லை. அக்கற்களில் குளோசொப்டெரிஸ் என்ற தொல்தாவரத்தின் உயிர்ச்சுவடுகள் இருந்தன. அதே தாவரத்தின் சுவடுகள் இந்தியாவிலும் உண்டு. பனிக்கண்டம் ஒரு காலத்தில் பசுமையாக இருந்தது என்பதற்கும், கொண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் இந்தியாவோடு இணைந்திருந்தது என்பதற்கும் அவை சான்றாயின. அந்தப் பெருநிலத்தில் நமது இலங்கை அந்தாட்டிக்காவை ஒட்டியே கிடந்தது. நாம் மிதிக்கும் பாறைக்கும் அவர்கள் உயிர்விட்ட பனிக்கடியிலுள்ள கண்டத்துக்கும் பழைய உறவு உண்டு.

இன்று கோடைகாலத்தில் சிறு கப்பல்களில் சுற்றுலாக் குழுக்கள் அந்தாட்டிக்கா செல்கின்றன. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது விதி. எவன்ஸ் முனையின் மரவீடு இன்னும் நிற்கிறது. பவர்ஸ் பொறுப்பாயிருந்த களஞ்சியத்தின் பெட்டிகளும் தகரங்களும் இன்றும் அங்கே தட்டுகளில் இருக்கின்றன.

தங்கையரே, பவர்ஸ் முதலாவதாக எதையும் அடையவில்லை. துருவத்தில் இரண்டாவது குழுவில் ஐந்தாவது ஆள். ஆனால் தன்னிடம் ஒப்படைத்த எதையும் அவர் கைவிட்டதில்லை. குதிரையானாலும், கூடாரமானாலும், கல்லானாலும். பெற்றோரே, உங்கள் பிள்ளை தூர இடத்துக்குப் படிக்கப் போக அனுமதி கேட்கும்போது நீங்கள் தயங்குவது இயல்பு. எமிலிக்கும் அந்தத் தயக்கம் இருந்திருக்கும். அவர் கொடுத்த விலை பெரிது. எனினும் அந்தத் தாய் மகனை வீட்டில் கட்டிவைக்காமல், எங்கே போனாலும் நம்பத்தகுந்தவனாக இருக்க வளர்த்து அனுப்பினார். அவன் அப்படியே இருந்தான்.