வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே (பிறப்பு: 1770) தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தக் கிறித்தவ மறைப்பணியாளர் ஆவார். பிரசியாவின் சிலேசியா பகுதியில் (தற்போது போலந்து) பிறந்தார். 1797இல் கல்கத்தா வந்த இவர், மனம் சோர்ந்து இரண்டாண்டுகளில் திரும்பினார். பின்னர் இலண்டன் மிசன் சார்பில் மீண்டும் இந்தியா வந்து, 1806 முதல் மயிலாடியில் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1809இல் அங்கு ஆலயம் எழுப்பினார். ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கு வழங்கி, எளிமையாக வாழ்ந்தார்.

இவரை விசித்திரமான இயல்பினர் என்று மறைப்பணி வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. எளிதில் சோர்வடையும் இயல்பு மனநிலைக் கோளாறுக்கும் பீதிக் கோளாறுக்கும் வழிவகுக்கலாம். ஆனால் இயல்பே நோயாகாது என்பது இன்றைய உளமருத்துவத்தின் நிலைப்பாடு. எனவே, கல்கத்தாவில் சோர்ந்து, மயிலாடியில் நிலைத்து நின்ற இவரை மனநோயாளர் எனக் கொள்ள இயலாது.

உடல்நலம் குன்றி 1816இல் கப்பலேறிய இவரது முடிவு அறியப்படவில்லை.